ஒரே விகிதம், வெவ்வேறு காலம்: கிரீன் பே பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக்குகளின் தலைசிறந்த பருவங்கள்

1. கேள்வி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே, ஒரு லட்சத்துக்குச் சற்றே கூடுதலான மக்கள் வாழும் நகரம். 1919இல் அங்கே தொடங்கப்பட்ட பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி கிடையாது. பங்கு வாங்கிய பொதுமக்களே உடைமையாளர்கள். 1921 முதல் தேசிய ஃபுட்பால் லீக்கில் ஆடிவரும் இவ்வணி 13 முறை லீக் பட்டத்தை வென்றிருக்கிறது. ஒரே ஊரில், ஒரே பெயரில் இத்தனை நீண்ட காலம் தொடர்ந்து ஆடிய அணிகள் மிகக் குறைவு. ஆட்டத்தின் விதிகளும் உத்திகளும் எப்படி மாறின என்பதை ஓர் அணியின் பதிவேட்டைக் கொண்டே ஆராய இந்தத் தொடர்ச்சி வழிசெய்கிறது.

அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு தனித்தன்மை உடையது. ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்கு வருகிறது. ஓடுபவரிடம் கொடுப்பதா, முன்னால் ஓடும் ரிசீவருக்கு எறிவதா என்பது சில நொடிகளுக்குள் முடிவாக வேண்டும். எறிந்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிய புள்ளியாக முடிந்தால் அது டச்டவுன் பாஸ். எதிரணியினர் பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். பாஸ் முயற்சிகள், நிறைவேறியவை, கடந்த யார்டுகள், டச்டவுன்கள், இன்டர்செப்ஷன்கள் என எல்லாமே எண்ணிக்கையாகப் பதிவாகின்றன. எனவே ‘இந்த அணியின் வரலாற்றில் ஒரு குவார்ட்டர்பேக் ஆடிய மிகச் சிறந்த பருவம் எது?’ என்ற கேள்விக்கு எண்களே விடை சொல்லிவிடும் என்ற நம்பிக்கை எளிதில் உண்டாகிறது.

அந்த நம்பிக்கையை இக்கட்டுரை சோதிக்கிறது. பொதுவான விடை ஆரன் ராஜர்ஸின் 2011. அதே பருவத்தின் எண்களைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் மூன்று விகிதங்களை பேக்கர்ஸ் அணியின் மூன்று முன்னோர்கள் முன்பே எட்டிவிட்டது தெரிகிறது. ஒரே விகிதம் நான்கு காலங்களில் நான்கு மதிப்பு பெறுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. வழக்கத்திலுள்ள அளவுகோல்கள்

இத்தகைய ஒப்பீடுகளில் மூன்று அளவுகோல்கள் பயன்படுகின்றன. முதலாவது, மொத்த எண்ணிக்கை. லீக்கில் ஒரு பருவத்தின் ஆட்டங்கள் 1961இல் 14ஆகவும், 1978இல் 16ஆகவும், 2021இல் 17ஆகவும் உயர்ந்தன. 1942இல் பேக்கர்ஸ் ஆடியவை 11 மட்டுமே. ஆகவே மொத்த யார்டுகளை வைத்து ஒப்பிடுவது பிற்காலத்தவருக்கே சாதகமாகும்.

இரண்டாவது, பட்டம். வெற்றிபெற்ற அணியின் குவார்ட்டர்பேக்கே சிறந்தவர் என்பது இரசிகர்களிடம் வலுவாக உள்ள எண்ணம். ஆனால் தடுப்பாட்டத்தின்போது குவார்ட்டர்பேக் களத்திலேயே இருப்பதில்லை. தன் அணி விட்டுக்கொடுக்கும் புள்ளிகளுக்கு அவர் பொறுப்பாளி அல்லர்.

மூன்றாவது, 1973இல் லீக் ஏற்றுக்கொண்ட ‘பாஸர் ரேட்டிங்’ என்னும் சூத்திரம். ஒரு பருவத்தை ஒரே எண்ணில் அடக்கும் வசதியால் இன்றும் செல்வாக்கோடு இருப்பது இதுவே. மற்ற இரண்டைவிட நேர்மையானதாகத் தோன்றும் இதன் உள்ளமைப்பையே முதலில் ஆராய வேண்டும்.

3. சூத்திரத்துக்குள் உறைந்த காலம்

பாஸர் ரேட்டிங் நான்கு விகிதங்களைக் கூட்டிப் பெறப்படுவது: நிறைவேறிய பாஸ்களின் சதவீதம், ஒரு முயற்சிக்கான யார்டு, டச்டவுன் சதவீதம், இன்டர்செப்ஷன் சதவீதம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 2.375 வரை மதிப்பெண் உண்டு. நான்கின் கூட்டுத்தொகையை 6ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ரேட்டிங் கிடைக்கும், உச்சவரம்பு 158.3.

எந்த விகிதத்துக்கு 1 என்ற மதிப்பெண் தரப்படுகிறது என்பதில்தான் சூத்திரத்தின் காலம் தெரிகிறது. 50 சதவீதப் பாஸ்கள் நிறைவேறினால் 1, முயற்சிக்கு 7 யார்டு என்றால் 1, டச்டவுன் 5 சதவீதம் என்றால் 1, இன்டர்செப்ஷன் 5.5 சதவீதம் என்றால் 1. நான்கிலும் 1 பெறுபவரின் ரேட்டிங் 66.7. இவை 1960களின் ஆட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட சராசரிகள். இருபது முறை எறிந்தால் ஒன்றுக்கு மேல் எதிரணியிடம் போய்ச் சேரும் என்பது அன்று இயல்பான நிலை. 2011இல் லீக்கின் சராசரி இன்டர்செப்ஷன் விகிதம் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. நிறைவேறும் பாஸ்கள் 60 சதவீதத்தைத் தொட்டன.

இந்த மாற்றத்துக்கு விதிகளே முதற்காரணம். 1978இல் இரண்டு திருத்தங்கள் வந்தன. ரிசீவரைத் தடுப்பவர் முதல் 5 யார்டுக்குள் மட்டுமே மோதலாம் என்றானது ஒன்று. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையினர் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்றானது மற்றொன்று. குவார்ட்டர்பேக்கின் தலையையும் முழங்காலையும் காக்கும் விதிகள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆபத்தான செயலாக இருந்த பாஸ், படிப்படியாகப் பாதுகாப்பான வழியாயிற்று. சூத்திரமோ அப்படியே நின்றது. அதனால் இன்றைய சராசரி வீரரே அன்றைய நட்சத்திரத்தின் ரேட்டிங்கைப் பெறுகிறார்.

4. ஒப்பீட்டுக்கான பருவங்கள்

ஆராய எடுத்துக்கொண்ட ஆறு பருவங்கள் கீழே உள்ளன. எண்கள் முறையே பாஸ் முயற்சிகள், நிறைவேறியவை, யார்டுகள், டச்டவுன்கள், இன்டர்செப்ஷன்கள், ரேட்டிங்.

செசில் இஸ்பெல், 1942: 268, 146, 2021, 24, 14, 87.0
பார்ட் ஸ்டார், 1966: 251, 156, 2257, 14, 3, 105.0
லின் டிக்கி, 1983: 484, 289, 4458, 32, 29, 87.3
பிரெட் ஃபார்வ், 1996: 543, 325, 3899, 39, 13, 95.8
ஆரன் ராஜர்ஸ், 2011: 502, 343, 4643, 45, 6, 122.5
ஆரன் ராஜர்ஸ், 2020: 526, 372, 4299, 48, 5, 121.5

இவற்றை விகிதங்களாக மாற்றும்போது கவனிக்கத்தக்க ஒற்றுமைகள் வெளிப்படுகின்றன. ராஜர்ஸ் 2011இல் எறிந்தவற்றில் டச்டவுனாக முடிந்தவை 8.96 சதவீதம், இஸ்பெலின் 1942 விகிதமும் 8.96. ராஜர்ஸின் முயற்சிகள் ஸ்டாருடையவற்றுக்குச் சரியாக இரு மடங்கு, இன்டர்செப்ஷன்களும் சரியாக இரு மடங்கு. ஆக இருவரின் விகிதமும் 1.2 சதவீதம். ஒரு முயற்சிக்கான யார்டில் ராஜர்ஸ் 9.25, டிக்கி 9.21. வேறு வேறு காலத்தில் மூவர் தனித்தனியே எட்டிய உயரங்களை ராஜர்ஸ் ஒரே பருவத்தில் ஒருசேர எட்டினார். 2011இன் பெருமைக்கு இது முதல் சான்று. அந்த மூன்று உயரங்களும் அந்தந்தக் காலத் தரையிலிருந்து எவ்வளவு எழுந்து நின்றன என்பது அடுத்த கேள்வி.

5. 1942: தொலைவும் ஐயமும்

இஸ்பெலை இப்பட்டியலில் சேர்ப்பதற்கே ஒரு விளக்கம் தேவை. பயிற்சியாளர் கர்லி லாம்போவின் பேக்கர்ஸ் அப்போது ஆடியது ‘நோட்ர டாம் பாக்ஸ்’ என்னும் அமைப்பு. அதில் பந்தை எறியும் வேலை பெரும்பாலும் பின்வரிசை ஓட்டக்காரருக்கு உரியது; இஸ்பெல் அப்படிப்பட்டவரே. இன்றைய குவார்ட்டர்பேக்கின் வேலையை அன்று செய்தவர் என்ற பொருளில் மட்டுமே அவர் இங்கு வருகிறார்.

லீக் வரலாற்றில் ஒரு பருவத்தில் 2000 யார்டுகளைப் பாஸ்வழி கடந்த முதல் வீரர் அவர். இன்டர்செப்ஷன்களின் எண்ணிக்கை டச்டவுன்களை விஞ்சி நின்ற காலத்தில், 14 இன்டர்செப்ஷனுக்கு எதிராக 24 டச்டவுன் எறிந்தார். சமகாலத்தவரிடமிருந்து விலகி நின்ற தொலைவை மட்டும் அளந்தால் ஆறு பருவங்களில் இதற்கே முதலிடம் கிடைக்கக்கூடும்.

எதிர்வாதங்கள் இரண்டு. ஒன்று, டான் ஹட்சன். ரிசீவர்கள் ஓடவேண்டிய தடங்களை முன்கூட்டியே வகுத்து ஆடும் முறைக்கு முன்னோடியான அவர், அப்பருவத்தில் 74 பாஸ்களைப் பிடித்து 1211 யார்டும் 17 டச்டவுனும் பெற்றார். அவ்வாண்டின் சிறந்த வீரர் விருது எறிந்தவருக்குக் கிடைக்கவில்லை, பிடித்தவருக்குக் கிடைத்தது. சமகாலத்தவர் பெருமையை எவருக்கு உரியதாகக் கருதினர் என்பதற்கு அதுவே சான்று. மற்றொன்று, போர். வீரர்கள் படைகளில் சேர்ந்துகொண்டிருந்த ஆண்டு அது; பேக்கர்ஸின் பரம எதிரியான சிகாகோ பேர்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸே பருவத்தின் நடுவில் கடற்படைக்குப் போய்விட்டார். அந்த பேர்ஸிடம்தான் பேக்கர்ஸ் அப்பருவத்தின் இரு தோல்விகளையும் கண்டது. பருவம் முடிந்ததும் இஸ்பெல் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் வேலைக்குச் சென்றார். போர்க்காலத்துக்கு வெளியே அவர் என்ன செய்திருப்பார் என ஒப்பிட மேலும் பருவங்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

6. 1966: தவிர்த்தலின் கலை

மொத்த எண்ணிக்கையில் பார்த்தால் ஸ்டாரின் 1966 மங்கலானது. 14 ஆட்டங்களில் 14 டச்டவுன். ஆட்டத்துக்குச் சுமார் 18 முயற்சிகள். ஆண்டின் சிறந்த வீரராக அவர் தேர்வானது இன்றைய இளம் இரசிகருக்கு விளங்காமல் போகலாம்.

அன்றைய அளவுகோலில் அதே எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. 5.5 சதவீத இன்டர்செப்ஷன் சராசரியாகக் கருதப்பட்ட காலத்தில் ஸ்டாரின் விகிதம் 1.2. அந்தச் சராசரிப்படி 251 முயற்சிகளில் ஏறக்குறைய 14 பந்துகள் எதிரணியிடம் போயிருக்க வேண்டும், போனவை 3. சூத்திரம் இதற்கு அளிக்கும் மதிப்பெண் 2.08. 2011இல் ராஜர்ஸுக்கும் அதே 2.08தான். ஆனால் 1960களின் சராசரி வீரர் இந்தப் பகுதியில் 1 பெற்றார். 2011இன் சராசரி வீரருக்கோ சுமார் 1.65 கிடைத்தது. ஸ்டார் தன் காலத்தைவிட ஒரு முழு மதிப்பெண்ணுக்கு மேல் விலகி நின்றார், ராஜர்ஸின் விலகல் அதில் பாதிக்கும் குறைவு. உச்சவரம்பே 2.375 என்பதால் ஸ்டாருக்கு இதற்குமேல் ஏற இடமும் குறைவாகவே இருந்தது.

குறைவாக எறிந்தவருக்குத் தவறு குறைவது இயல்புதானே என்று கேட்கலாம். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் அணி ஓட்டத்துக்குப் பேர்போனது. எதிரணியின் கவனம் ஓட்டத்தில் இருக்கும்போது எறிவது எளிதுதான். ஆனால் 1966இல் அந்த ஓட்டம் தன் உச்சத்தைக் கடந்துவிட்டது. ஓட்டக்காரர் பால் ஹார்னங் கழுத்துக் காயத்தால் பல ஆட்டங்களில் ஆடவில்லை. ஜிம் டெய்லர் 705 யார்டுகளே ஓடினார். ஒரு யார்டே தேவைப்படும் மூன்றாவது முயற்சியில், எல்லாரும் ஓட்டத்தை எதிர்பார்க்கையில் நீளமாக எறிவது ஸ்டாரின் அடையாளம். எறிந்தபோது அவர் கடந்த தொலைவு முயற்சிக்கு 9 யார்டு. சராசரியைவிட 2 யார்டு கூடுதல். கோழைத்தனமான எச்சரிக்கை இந்த எண்ணைத் தராது.

இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் ஆட்ட நகர்வுகளைக் களத்தில் நின்று தேர்ந்தவர் குவார்ட்டர்பேக்கே. பயிற்சியாளர் தலைக்கவசத்துக்குள் வானொலி வழியே பேசும் வசதி 1994இல்தான் வந்தது. ஸ்டாரின் எண்களில் எறிந்த கையோடு தேர்ந்த மூளையும் அடங்கியிருக்கிறது. எந்தச் சூத்திரத்திலும் அதற்கு இடமில்லை. பருவத்துக்குப் பின் டல்லஸில் நடந்த லீக் இறுதியாட்டத்தில் 28இல் 19 நிறைவேறி, 304 யார்டும் 4 டச்டவுனும் வந்தன. பேக்கர்ஸ் 34–27 என வென்றது. இரு வாரங்களில் நடந்த முதல் சூப்பர் பௌலில் கான்சஸ் சிட்டியை 35–10 என வீழ்த்தியபோதும் ஆட்டநாயகன் அவரே.

7. 1983உம் 1996உம்: இரு எல்லைகள்

டிக்கியின் 1983, ரேட்டிங்கின் குறைபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 41 ஆண்டு இடைவெளியில் இஸ்பெலும் அவரும் 87ஐ ஒட்டியே நிற்கிறார்கள். பருவங்களோ ஒன்றுக்கொன்று நேரெதிர். யார்டிலும் டச்டவுனிலும் லீக்கில் முதலிடம் பெற்ற டிக்கி, இன்டர்செப்ஷனிலும் முதலிடம் பெற்றார். அவருடைய 5.99 சதவீதம் 1960களின் சராசரியைவிடவும் மோசம். அணி எடுத்த புள்ளிகள் 429, கொடுத்தவை 439. முடிவு 8 வெற்றி, 8 தோல்வி. வாஷிங்டனை 48–47 என வென்ற ஆட்டம் அப்பருவத்தின் சுருக்கமே. தடுப்பாட்டம் சரிந்த அணியில் ஒவ்வொரு முறையும் புள்ளி எடுத்தே தீரவேண்டியவர் ஆபத்தான பந்துகளை எறியத்தான் செய்வார். ஆகவே அந்த 29ஐ முழுவதும் அவர் கணக்கில் எழுதுவது முறையாகாது. பருவத்தின் முடிவில் பதவியிழந்த தலைமைப் பயிற்சியாளர் பார்ட் ஸ்டார். எதிரணியிடம் பந்தைக் கொடுக்காமல் பட்டம் வென்றவரின் பயிற்சிக்காலம் 29 இன்டர்செப்ஷன்களோடு முடிந்தது.

ஃபார்வின் 1996 இதற்கு மறுமுனை. மைக் ஹோம்கிரன் பயிற்றுவித்த அவ்வணி லீக்கிலேயே அதிகப் புள்ளிகளை எடுத்தது (456), மிகக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்தது (210). ஃபார்வ் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். நியூ இங்கிலாந்தை 35–21 என வென்று சூப்பர் பௌலும் வந்தது. 39 டச்டவுன்கள் பெருஞ்சாதனையே. எனினும் முயற்சிக்கு 7.18 யார்டு என்பது சராசரிக்கு அருகில், அவருடைய ரேட்டிங்கான 95.8, 80க்குக் கீழிருந்த அன்றைய லீக் சராசரியிலிருந்து 20 புள்ளிகளை ஒட்டியே விலகுகிறது. பட்டத்தை அளவுகோலாகக் கொள்வோர் இப்பருவத்தை 2011க்கு மேல் வைப்பதுண்டு. ரெஜி வைட் தலைமையிலான தடுப்பாட்டத்துக்குரிய பங்கையும் ஃபார்வுக்கே தருவதால்தான் அது சாத்தியமாகிறது.

8. 2011: பருவமும் அதன் கடைசி ஆட்டமும்

ராஜர்ஸின் 2011இன் வலு டச்டவுனில் இருக்கிறது. அன்றைய லீக் சராசரி 4 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. அவருடையது அதன் இரு மடங்கு. இன்டர்செப்ஷனில் ஸ்டார் எவ்வளவு தனித்து நின்றாரோ, ஏறக்குறைய அவ்வளவு டச்டவுனில் ராஜர்ஸ் தனித்து நின்றார். 122.5 என்ற ரேட்டிங் லீக்கின் பருவச் சாதனையானது.

ஆயினும் அது பாஸ் பெருகி வழிந்த ஆண்டு. டுரூ பிரீஸ், டாம் பிரேடி, மேத்யூ ஸ்டாஃபர்ட் என மூவர் அதே பருவத்தில் 5000 யார்டைத் தாண்டினர். இன்னும் கடுமையான எதிர்ச்சான்று பேக்கர்ஸ் அணிக்குள்ளேயே உண்டு. 2012 ஜனவரி 1 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ராஜர்ஸுக்கு ஓய்வு தரப்பட்டது. பதிலாள் மேட் ஃப்ளின் டெட்ராய்ட்டுக்கு எதிராக 480 யார்டும் 6 டச்டவுனும் எறிந்தார். பேக்கர்ஸ் 45–41 என வென்றது. ராஜர்ஸே அதுவரை ஓர் ஆட்டத்தில் எட்டாத எண்கள் அவை. ஜோர்டி நெல்சன் போன்ற ரிசீவர்களும் ஆட்ட முறையும் இருந்தால் யாரும் இதைச் செய்யலாமோ என்ற ஐயம் நியாயமானது.

ஓர் ஆட்டத்தைக் கொண்டு ஒரு பருவத்தைத் தள்ளிவிட முடியாது. 2013 நவம்பரில் ராஜர்ஸின் காறையெலும்பு முறிந்தபோது இயற்கையாகவே ஒரு மறுசோதனை நடந்தது. அவர் காயமுற்ற ஆட்டம் தொடங்கி ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றியும் கிட்டவில்லை, ஒன்று சமன். அந்தக் காலத்தில் ஆடிய பதிலாட்களில் ஃப்ளினும் ஒருவர். சூழலின் பங்கு பெரிது, ஆனால் பருவம் முழுக்கச் சுமக்கும் அளவுக்குப் பெரிதன்று என்பதே இவ்விரு சான்றுகளையும் சேர்த்துக் காணும்போது கிடைக்கும் முடிவு.

2011இல் அணி 15–1 என முடித்து, முதல் பிளே-ஆஃப் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 37–20 எனத் தோற்றது. யார்டுகளை விட்டுக்கொடுத்ததில் அவ்வணியின் தடுப்பாட்டம் லீக்கிலேயே கடைசி. தோல்வியால் பருவத்தின் மதிப்பு குறையாது. அணியின் மற்றொரு பாதி எப்படியிருந்தது என்பதையே அது காட்டுகிறது.

2020இல் டச்டவுன் 48ஆக உயர்ந்தது, நிறைவேறியவை 70.7 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் 2011க்கு நிகர். ஆனால் முயற்சிக்கான யார்டு 8.17ஆகக் குறைந்தது, லீக் சராசரி ரேட்டிங்கோ 90ஐத் தாண்டிவிட்டது. பெருந்தொற்றால் பெரும்பாலும் பார்வையாளரற்றிருந்த அரங்குகளில் வெளியூர் அணிகளுக்கு இரைச்சல் தொல்லையும் குறைவு.

9. எடைபோடல்

காலச் சராசரியிலிருந்து விலகிய தொலைவை இப்போது ஒருசேர வைக்கலாம். ஸ்டாரின் 105.0, சூத்திரத்தின் சராசரியான 66.7ஐவிட 38 புள்ளி உயர்வு. 2011இன் லீக் சராசரி 80களின் முற்பகுதி. ராஜர்ஸின் விலகல் 40ஐ ஒட்டியது. 2020இல் அது 30க்கும் கீழே இறங்குகிறது. ஃபார்வின் 1996 அதற்கும் கீழே. ரேட்டிங்கில் ஸ்டாருக்கும் 2011 ராஜர்ஸுக்கும் இடையே தெரிந்த 17.5 புள்ளி இடைவெளி, காலத்தைக் கழித்தபின் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஒரே வீரரின் இரு பருவங்களான 2011க்கும் 2020க்கும் இடையே, முன்பு தென்படாத பெரிய இடைவெளி தோன்றுகிறது. இஸ்பெலை இந்த வரிசையில் நுழைப்பது சரியாகாது. சூத்திரத்தின் சராசரி அவர் காலத்துக்கு உரியதன்று. போர் குலைத்த லீக்கில் ஒப்பிடத் தகுந்த சராசரி எது என்பதும் தெளிவில்லை.

ஆக, போட்டி இருவருக்கிடையே. ஸ்டாருக்குச் சாதகமானவை: நகர்வுகளைத் தானே தேர்ந்த பொறுப்பு, ரிசீவரை வழியெங்கும் மோதித் தடுக்க இடமளித்த விதிகள், இறுதியாட்டங்களிலும் குலையாத தரம். ராஜர்ஸுக்குச் சாதகமானது ஒன்றே, ஆனால் கனமானது: சுமை. ஆட்டத்துக்கு 18 முறை எறிந்து காத்த இன்டர்செப்ஷன் விகிதத்தை 33 முறை எறிந்தும் அவர் காத்தார். வாய்ப்பு தேர்ந்து எறிபவரின் விகிதம் உயர்வாகவே இருக்கும். எதிரணி பாஸை எதிர்பார்த்து நிற்கையில் அதே விகிதத்தைத் தக்கவைப்பது கடினம். தடுப்பாட்டம் பலவீனமான அணியில் எறிந்துகொண்டே இருக்கவேண்டிய கட்டாயம் டிக்கியை 29 இன்டர்செப்ஷனுக்குக் கொண்டுபோயிற்று. ராஜர்ஸை 6க்குமேல் தள்ளவில்லை.

இக்காரணத்தால் 2011ஐ முதலிலும் 1966ஐ மிக நெருங்கிய இரண்டாவதாகவும் வைப்பது ஏற்புடையது. வழக்கமான பட்டியலும் 2011ஐயே முதலில் வைக்கிறது. ஆனால் அது சொல்லும் காரணமான 122.5, காலத்தைக் கழித்தால் நிற்பதில்லை. அப்பட்டியல் 2020ஐ இரண்டாவதாக வைத்து ஸ்டாரைக் கீழே இறக்குவதும் அதே பிழையின் விளைவு. ஸ்டார் ஆட்டத்துக்கு முப்பது முறை எறியும்படி கேட்கப்பட்டதே இல்லை. கேட்கப்பட்டிருந்தால் அவருடைய விகிதம் என்னவாகியிருக்கும் என்பதற்குப் பதிவேட்டில் சான்றில்லை. முதலிடத்தை முடிவுசெய்தது அந்தச் சான்றின்மையே. எனவே இம்முடிவு ஸ்டாரின் திறமைக்கு வகுத்த எல்லை அன்று. அவர் ஆடிய ஆட்டத்தின் எல்லை.